திரவ நைட்ரஜனும் திறந்த சன்னலும்

ரோஜாப் பூவைத் திரவ நைட்ரஜனில் முக்கியெடுத்து மேசையில் தட்டினால் கண்ணாடிபோல் நொறுங்கும். அறிவியல் கண்காட்சியில் இதைவிடக் கைதட்டல் பெறும் சோதனை வேறில்லை. நான் பலமுறை செய்து காட்டியிருக்கிறேன். வெண்புகை நன்றாகத் தெரியவேண்டுமென்று சன்னல்களைச் சாத்தச் சொன்னவனும் நானே. அது எத்தனை பெரிய தவறு என்பது பின்னர்தான் புரிந்தது.

இது பெரிய ஆய்வுக்கூடங்களின் கவலை என்று எண்ணவேண்டாம். கால்நடை மருந்தகங்களில் உறைவிந்தைக் காக்கும் கேனில் இருப்பதும் இதே திரவம்தான். இதன் குளிரிலேயே மீகடத்தியாகும் பீங்கான் 1987-ல் கண்டறியப்பட்டபின் கல்லூரி வகுப்புகளுக்குள்ளும் இது நுழைந்துவிட்டது.

மாணவர் அஞ்சுவது குளிருக்கு. -196 டிகிரி செல்சியஸ் என்றால் அஞ்சவேண்டியதுதான். கண்காப்பும், உதறியவுடன் கழன்று விழும் தளர்ந்த கையுறையும் கட்டாயம் வேண்டும். (உள்ளங்கையில் ஊற்றிக் காட்டும் வீரர்கள் உண்டு. இடையில் எழும் ஆவிப்படலம் ஒரு கணம் காக்கும்; மோதிர விரலை அதுவும் காக்காது.)

ஆனால் இதைவிடக் கொடியது கண்ணுக்குத் தெரியாதது. 1 லிட்டர் திரவம் ஏறத்தாழ 700 லிட்டர் வாயுவாக விரியும். பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் உள்ள மூடிய அறையில் 10 லிட்டர் கொட்டினால், 21 சதவீதம் இருக்கவேண்டிய ஆக்சிஜன் 16 அளவுக்கு இறங்கிவிடும். குளிர்ந்த வாயு கனமானதாகையால் தரையோரம் இன்னும் குறையும். மூச்சுத் திணறினால் வெளியே ஓடிவிடலாமே என்பீர்கள். திணறாது! மூச்சு முட்டும் உணர்வைப் பெரும்பாலும் தருவது உடலில் சேரும் கரியமில வாயுவே. அதுதான் வழக்கம்போல் வெளியேறிக்கொண்டிருக்கிறதே! ஆள் சத்தமின்றிச் சாய்ந்துவிடுவார். வெண்புகையோ நைட்ரஜன் அன்று, காற்றின் ஈரம் உறைந்த மூடுபனி. அது கலைந்தபின்னும் ஆபத்து அறையிலேயே இருக்கக்கூடும்.

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்துக் கெயின்ஸ்வில் நகரில், 2021 ஜனவரி 28 அன்று, கோழி இறைச்சி ஆலையொன்றின் உறைவிப்பு எந்திரத்திலிருந்து திரவ நைட்ரஜன் வழிந்து ஆறு பேர் மாண்டனர். என்ன ஆயிற்றென்று பார்க்கப் போனவர்களும் அவர்களுள் அடக்கம்.

இவற்றையெல்லாம் நாம் யாருக்குச் சொல்கிறோம்? ஆசிரியர்க்கும் முதுகலை மாணவர்க்கும், அதுவும் ஆங்கிலத்தில். குடுவையைச் சுமந்து வருபவரும், மூடி வைப்பவரும், மாலையில் அறையைப் பூட்டுபவரும் ஆய்வக உதவியாளர். ஒருநாள் எங்கள் உதவியாளர், "ஆவியாப் போயி வீணாகுது சார், துணியைச் சுத்தி நல்லா இறுக்கி அடைச்சுட்டேன்" என்றார். பதறிப்போய் எடுத்துவிட்டேன். அவர் மீது குற்றமில்லை. வீட்டுப் பிளாஸ்க்கை இறுக்கித்தானே மூடுகிறோம்? அந்தப் பிளாஸ்க்கின் மூதாதை, 1892-ல் ஜேம்ஸ் டிவார் கடுங்குளிர்த் திரவங்களுக்காகச் செய்த குடுவைதான். ஆனால் இதற்குத் தளர்ந்த மூடியே வேண்டுமென்று அவரிடம் யார் சொன்னோம்? டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில், அழுத்தம் வெளியேறும் வழியை உலோகத்தால் அடைத்திருந்த நைட்ரஜன் கலம் ஒன்று 2006 ஜனவரி 12 அன்று வெடித்து மேற்கூரையைத் துளைத்துச் சென்றது. பின்னிரவானதால் அங்கு ஆளில்லை.

ஆகவே என் கருத்து இதுதான். முதல் பாடம் உதவியாளருக்கு. அறிவிப்புப் பலகை தமிழில். புதுக் கருவி வாங்கும் முன் சேமிப்பறைக்கு ஓர் ஆக்சிஜன் அளவி வாங்கவேண்டும். லிஃப்ட் உள்ள இடங்களில் குடுவையோடு ஆள் ஏறக்கூடாது. உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால் பாய்ந்து ஓடாமல், வெளியிலிருந்தே கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு, சுவாசக் கருவியோடு வருவோரை அழைக்கவேண்டும். கல் நெஞ்சக்காரன் என்று என்னைச் சொல்பவர் சொல்லட்டும்.

இனி எங்கள் கண்காட்சியிலும் ரோஜா நொறுங்கும், சன்னல்களெல்லாம் திறந்திருக்கும். புகை சற்றுக் குறைவாகத் தெரிந்தால் முன்வரிசையினர் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.