எருவென்றால் எல்லாம் நன்றோ?

வேதியுரம் தீது, இயற்கை எரு நன்று எனப் பள்ளிக் கட்டுரைகளில் எழுதியும் எழுதுவித்தும் பழகிவிட்டோம். அப்பழக்கம் ஒரு கேட்டினை மறைத்துவிடுகிறது. மக்காத கோழி எருவை மழைமிகு மலைச்சரிவில் அளவின்றிக் கொட்டுவது, ஆற்றிலே கழிவைக் கொட்டுவதற்கு ஒப்பாகும்.

கேமரன் மலைக் காய்கறித் தோட்டங்களை நோக்குக. ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழியும் அம்மலையில், மலிவான உரமென நெடுங்காலமாகக் கோழி எரு இடப்பட்டு வந்துள்ளது. ஈ மொய்ப்பதைக் கண்டு முகஞ்சுளிக்கும் சுற்றுலாப் பயணி, கண்ணுக்குப் புலப்படாத தீங்கை அறியார். எருவிலுள்ள தழைச்சத்து நைட்ரேட்டாக மாறி மழைநீரில் கரைகிறது. மணிச்சத்து மண்துகளைப் பற்றிக்கொண்டு ஆற்றில் இறங்குகிறது. பெர்த்தாம் ஆறு சுமந்து செல்வதெல்லாம் ரிங்லெட் நீர்த்தேக்கத்தைச் சேரும். சத்து மிகுந்த தேக்கத்தில் பாசி பெருகும். அது மடிந்து அழுகுங்கால் மீன்களுக்கு உயிர்வளி குன்றும். ஈ. கோலி, சால்மோனெல்லா முதலிய கிருமிகளும் பச்சை எருவோடு வரக்கூடும். ஆற்றுநீரை நம்பி வாழும் பூர்வகுடி மக்கள் எங்கே போவர்?

"கோழி எரு இயற்கையானதுதானே?" என்பர் சிலர். பாம்பின் நஞ்சும் இயற்கையானதே! பயிருக்கு வேண்டிய தழைச்சத்து கிட்டுமளவு கோழி எருவை இட்டால், மணிச்சத்து தேவைக்கு மிஞ்சிவிடும் என்பது மண்ணியல் காட்டும் உண்மை.

"ஏழை உழவரைக் குறைகூறலாமா?" என்பர் வேறு சிலர். கூற வேண்டா. கோழியை விற்று ஊதியம் பெறுவோர், அதன் கழிவை மட்டும் உழவர் தலையிலும் ஆற்றின் தலையிலும் கட்டுவது எவ்வகை நீதி? அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலம் இவ்வினாவையே எழுப்பி, 2005இல் பெருங்கோழி நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுத்தது. இல்லினாய் ஆறு கோழி எருவால் மாசுற்றதென மாநிலத்துக்குச் சார்பாக நீதிபதி தீர்ப்புரைத்தது 2023இல்! அதுவரை ஆறு மாசுறாது காத்திருந்ததா? வழக்குமன்றத்தை எதிர்நோக்கியிருந்தால் நம் ஆறுகளுக்கும் அதே கதிதான்.

வழி இல்லாமலில்லை. எருவைக் குவித்து, 55 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பமேறச் சில நாள்கள் மக்கவைத்தால் கிருமிகள் பெரும்பாலும் மடியும். ஆயினும் மணிச்சத்து போகாது. ஆதலின் மண்ணை ஆய்ந்து அளவோடு இடல் வேண்டும். ஆற்றங்கரையில் புல்லும் புதரும் நிறைந்த காப்புநிலம் விடல் வேண்டும். இவற்றுக்காகும் செலவில் கோழிப் பண்ணைகளும் பங்கேற்கச் சட்டம் செய்தல் வேண்டும்.

ஆசிரியப் பெருமக்களே! 'இயற்கை உரத்தின் நன்மைகள்' என்று இனித் தலைப்புக் கொடுத்தால், அவ்வுரம் மழைக்குப்பின் எங்கே செல்கிறது என்பதையும் மாணவரை எழுதச் செய்யுங்கள்.