சொல்லும் பொருளும்: ‘மினட்டரி’

‘மினட்டரி’ என்றோர் ஆங்கிலச் சொல் உண்டு. ஆங்கிலம் நன்கு பயின்றோரும் அதனை நாள்தோறும் வழங்குவதில்லை. கடிதத்தின் தொனி, உறுத்துப் பார்க்கும் பார்வை, ஓங்கிய கை ஆகியவற்றோடு சேர்ந்து அது ஏட்டில் வரும். ‘அச்சுறுத்துகின்ற’ என்பது பொருள். சொல் அரிதெனினும் அது குறிக்கும் செயல் நமக்கு அரிதன்று. சித்தூர்த் தாலுகாவிலும், தேவிகுளம், பீர்மேடு தோட்ட லயங்களிலும், கடன்பட்ட குடும்பத்தின் வாயிலில் அது வட்டிக்காரர் உருவில் வந்து நிற்கும். சில வேளை பதிவுத் தபாலில் நோட்டீஸாகவும் வரும்.

இச்சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் உள்ளது. ‘மினாய்’ என்ற இலத்தீன் சொல்லுக்கு மிரட்டல்கள் என்றும், மதிலின்மேல் துருத்தி நிற்கும் முனைகள் என்றும் இரு பொருள் உண்டு. தேவிகுளம் கடந்து போடிமெட்டுக்குச் செல்லும் மலைப்பாதையில், தலைக்குமேல் நீண்டு நிற்கும் பாறையைக் கண்டோர்க்கு இவ்விரு பொருளும் ஒன்றிய விதத்தை விளக்க வேண்டுவதில்லை. பாறை விழவில்லை, எனினும் நடை தானே விரைகிறது. பிற்கால இலத்தீனில் இதே வேரினின்று பிறந்த வினை, மாடுகளை அதட்டி ஓட்டுதலைக் குறித்தது என்பதும் சுவையான செய்தியே.

தமிழிலோ அதட்டல் வேறு, மிரட்டல் வேறு. தந்தை மகனை அதட்டுவார். அதில் உரிமை உண்டு. ‘இதைச் செய்யாவிடில் இன்ன தீங்கு வரும்’ என்பது மிரட்டல். குடிகள் அஞ்சத்தக்கவற்றை அரசன் செய்யலாகாது என்பதற்கென்றே வள்ளுவர் ‘வெருவந்த செய்யாமை’ என 57-ஆம் அதிகாரத்தை வகுத்தார். அண்டை மலையாளத்தார் மிரட்டலைப் ‘பீஷணி’ என்பர்.

சட்டத்தின் கண்ணுக்கோ மிரட்டல் யாவும் ஒன்றல்ல. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-ஆம் பிரிவு, உடலுக்கோ நற்பெயருக்கோ உடைமைக்கோ கேடு செய்வதாகக் கூறி ஒருவரை அச்சத்துக்கு உள்ளாக்க முயல்வதைக் குற்றம் என்கிறது. தண்டனை 2 ஆண்டு வரை சிறை. கொலை, கொடுங்காயம், தீவைப்பு எனக் கூறி மிரட்டினால் 7 ஆண்டு வரை. பெயர் மறைத்து எழுதிய மிரட்டலுக்கு மேலும் 2 ஆண்டு வரை கூடும். ஆனால் ‘கேடு’ என்பது சட்டத்துக்குப் புறம்பான கேடாக இருத்தல் வேண்டும்.

ஆகவே ‘தவணை செலுத்தாவிடில் வழக்குத் தொடர்வோம்’ என்று வழக்கறிஞர் எழுதும் கடிதம் ‘மினட்டரி’யே, குற்றமன்று. அதனைக் கண்டு நடுங்கி அன்றே நகையை விற்க ஓட வேண்டுவதில்லை. பரண்மேல் எறிந்துவிடவும் கூடாது. விவரமறிந்தவரிடம் காட்டி, குறித்த நாளுக்குள் மறுமொழி அனுப்புவதே முறை. ‘சாமான்களைத் தெருவில் எறிவோம், உம் மகள் பெயரைக் கெடுப்போம்’ என்று வாயிலில் நின்று கூவுவதோ வேறு. கடன் உண்மையானதே என்பதால் அது நியாயமாகிவிடாது. இத்தகைய கொடுமை மிகுந்தமையாலன்றோ 2014-இல் கேரளக் காவல்துறை ‘குபேரா’ என்ற பெயரில் கொடுவட்டிக்காரர்மீது நடவடிக்கை எடுத்தது!

புகார் எழுதுவோர் ‘மிரட்டினார்’ என்று மட்டும் எழுதி நிறுத்திவிடுகின்றனர். அது போதாது. அவர் கூறிய சொற்களை, வசையாயினும், கூறியபடியே எழுதுக. நாள், நேரம், உடனிருந்தோர் பெயர் ஆகியவற்றையும் குறிக்க. மலையாளம் எழுத வராதே என்று தயங்குவோர் நம்மிடையே பலர். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, மொழிச் சிறுபான்மைப் பகுதிகளென அறிவிக்கப்பட்ட இடங்களிலுள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம்; மறுமொழியும் தமிழிலேயே தரப்பட வேண்டும்.