குழு மாறியவர்களும் மாறிப்போன குழுக்களும்



ஈசூனிலிருந்து ஒரு தாயார் கடிதம் எழுதியிருக்கிறார். மகனுக்குப் பதினாறு வயது. பள்ளிக் காற்பந்துக் குழுவில் தற்காப்பு ஆட்டக்காரன். “பெரிய ஸ்டாரா வராட்டியும் பரவாயில்லம்மா, ஆடியே பிழைச்சுக்குவேன்னு சொல்றான். அவங்க அப்பா பாலிடெக்னிக் பாரத்தைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறார். பந்து ஆடி இந்த ஊர்ல ஒருத்தன் காலத்தை ஓட்ட முடியுமா? பத்திரிகைக்காரங்களுக்குத் தெரியாததா, விசாரிச்சுச் சொல்லுங்க” என்று கேட்டிருக்கிறார்.

“ஸ்டாரா வராட்டியும் பரவாயில்ல” என்ற அந்த வரிதான் என்னை நிறுத்திவைத்தது. இந்த வயதுப் பையன்கள் ரொனால்டோ ஆகப்போவதாகத்தான் சொல்வார்கள். இவன் ஒரு வேலைக்காரனாக இருக்கத் தயார் என்கிறான். நட்சத்திரங்களைப் பற்றிக் கேட்டிருந்தால் எனக்கு வேலை சுலபம். 1983இல் ஹாலந்தின் குரோனிங்கன் குழுவுக்காக இன்டர் மிலானுக்கு எதிராக நம் ஃபாண்டி அகமது கோல் அடித்த கதையை இன்னொரு முறை எழுதிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அந்தப் பையன் கேட்பது மற்றவர்களைப் பற்றி. வருடத்துக்கு ஒரு குழு, ஒரு புதுச் சட்டை, ஒரு புது எண் என்று ஓடுகிறவர்களைப் பற்றி.

இந்த வகை ஆட்டக்காரர்கள் அமெரிக்கக் காற்பந்தில் ஏராளம். முட்டை வடிவப் பந்தும் தலைக்கவசமுமாக ஆடும் அந்த ஆட்டத்தை நம்மில் பலர் பார்ப்பதில்லை. எனக்கும் அதன் விதிகள் பாதிதான் புரியும். ஆனால் ரயன் ஃபிட்ஸ்பேட்ரிக்கின் கதை புரிகிறது. ஹார்வர்டில் படித்தவர். 2005இல் குழுக்கள் புதுமுகங்களைத் தேர்ந்தெடுத்தபோது 250ஆவது ஆளாக, கிட்டத்தட்டக் கடைசியில், அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். 17 பருவங்களில் 9 குழுக்கள். ஒன்பதிலும் தொடக்க ஆட்டக்காரராக இறங்கியிருக்கிறார். இத்தனைக்கும் ஒரு ‘பிளே-ஆஃப்’ ஆட்டம்கூட ஆடவில்லை. ஜோஷ் ஜான்சன் என்பவர் அவரையும் மிஞ்சிவிட்டார்: 14 குழுக்கள். அங்கே ஒவ்வோர் ஆகஸ்ட் கடைசியிலும் பட்டியலை 53 பேராகக் குறைப்பார்கள். மற்றவர்கள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். கூப்பிட்டால் மறுபடி வரவேண்டியதுதான்.

பதினான்கு குழு மாறினார் என்றதும், ‘எங்கேயும் நிலைக்கத் தெரியாதவர்’ என்றுதான் முதலில் தோன்றும். பதினான்கு முறை யாரோ ஒருவர் தொலைபேசியில் அழைத்து “வா” என்று சொல்லியிருக்கிறார்கள் என்பது அப்புறம்தான் தோன்றும். இரண்டுமே உண்மை.

நம் ஊர்க் கதை இதைவிட விசித்திரம். அங்கே ஆட்டக்காரர் மாறுவார், குழு அப்படியே இருக்கும். இங்கே குழுக்களே மாறிப்போயின.

1996 ஏப்ரல் 14இல் நம் ஊர்க் காற்பந்து லீக்கான எஸ்-லீக் தொடங்கியபோது எட்டுக் குழுக்கள். சிராங்கூன் சாலைக் காப்பிக்கடைகளில்கூட அந்த வருடம் அதுதான் பேச்சு. இன்று எண்ணிப் பாருங்கள். போலீஸ் குழு ஹோம் யுனைட்டெட் ஆகி, 2020இல் லயன் சிட்டி செய்லர்ஸ் ஆனது. தியோங் பாரு, தஞ்சோங் பகார் ஆகி, நின்று, திரும்பி வந்து, 2014 பருவத்தோடு மறுபடி விலகி, 2020இல் மூன்றாம் முறையாக வந்தது. பாலஸ்டியர் சென்ட்ரல், கிளமெண்டி கால்சாவோடு சேர்ந்து பாலஸ்டியர் கால்சா ஆனது. கேலாங் யுனைட்டெட் ‘இன்டர்நேஷனல்’ ஆகிவிட்டது. செம்பவாங் ரேஞ்சர்ஸ் 2003க்குப் பிறகு இல்லை. வூட்லண்ட்ஸ் வெலிங்டன், ஹவ்காங்கோடு இணைந்து மறைந்தது. ஆயுதப் படையின் குழு வாரியர்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டு, 2020இலிருந்து களத்திலேயே இல்லை. மிஞ்சியது தெம்பனிஸ் ரோவர்ஸ் ஒன்றுதான். அதற்கும் முன்னால் ‘பிஜி’ என்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2018இல் லீக்கின் பெயரையும் மாற்றி ‘சிங்கப்பூர் பிரிமியர் லீக்’ என்றார்கள்.

இதில் என் மனம் ஆறாதது லயன்ஸ் 12 விஷயத்தில்தான். மலேசியக் காற்பந்துச் சங்கத்தோடு செய்த உடன்பாட்டின்படி அங்கே போய் ஆடிய நம் சிங்கப்பூர்க் குழு; 2013இல் மலேசிய சூப்பர் லீக்கையே வென்றது. 2015 மே மாதம் புக்கிட் ஜாலிலில் கிளந்தானை 3-1 என்று வீழ்த்தி எஃப்ஏ கிண்ணத்தையும் கொண்டுவந்தது. அதே ஆண்டு இறுதியில் மலேசியச் சங்கம் உடன்பாட்டைப் புதுப்பிக்கவில்லை, குழு கலைந்தது. கிண்ணம் வென்ற கையோடு அந்தப் பையன்கள் வேலை தேட வேண்டியதாயிற்று. பந்தை ஒழுங்காக ஆடினால் போதும், வேலை நிலைக்கும் என்று யாராவது உங்கள் மகனிடம் சொன்னால் இந்தக் கதையை எடுத்துச் சொல்லுங்கள், அம்மா.

அந்த 2013 குழுவின் பயிற்றுநர் வி. சுந்தரமூர்த்தி. நம் தலைமுறைக்கு அவர் பயிற்றுநரே அல்ல; சுந்தரம், ‘டாஸ்லர்’. 1993இல் புருணைக்கு எதிராக அந்தரத்தில் தலைகீழாகச் சாய்ந்து அவர் அடித்த கோலை, அன்றைக்கு அரங்கத்துக்கே போகாதவர்களும் நேரில் பார்த்ததாகச் சொல்வார்கள். அவரை ‘ஊர் சுற்றிய ஆட்டக்காரர்’ என்றால் ரசிகர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். ஆனால் அவருடைய பாதையைப் பாருங்கள்: சிங்கப்பூர்க் குழு, சுவிட்சர்லாந்தின் பாசல், கெடா, திரும்பவும் சிங்கப்பூர், எஸ்-லீக் வந்ததும் வூட்லண்ட்ஸ் வெலிங்டன், பிறகு ஜூரோங்கில் ஆடிக்கொண்டே பயிற்சியும் தந்தார். பயிற்றுநரான பிறகும் அதே ஓட்டம்தான். லயன்ஸ் 12க்குப் பின் நெகிரி செம்பிலான். 2016இல் தேசியக் குழு. முடிவுகள் கைகொடுக்காமல் 2018 ஏப்ரலில் அங்கிருந்தும் விலகினார். வூட்லண்ட்ஸ், ஜூரோங், லயன்ஸ் 12 மூன்றும் இன்று இல்லை. ஒரு மனிதர் தம் பழைய அலுவலகத்தைப் பேரனுக்குக் காட்டவேண்டுமென்றால் எங்கே கூட்டிப்போவார்?

இந்த ஊருக்கு வந்து சேர்ந்த ஊர் சுற்றிகளில் முதலிடம் அலெக்ஸாண்டர் டுரிச்சுக்கு. போஸ்னியாவின் டோபோய் பக்கத்துக்காரர், 1970இல் பிறந்தவர். போர் அவரை ஹங்கேரிக்குத் துரத்தியது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் போஸ்னியாவுக்காகத் துடுப்புப் படகு ஓட்டினார். பந்து அல்ல, படகு! பிறகு ஆஸ்திரேலியாவில் குழு குழுவாக ஆடினார். 1999இல் தஞ்சோங் பகார் அவரை இங்கே அழைத்துவந்தபோது வயது 28. அந்த வயதில் பல ஆட்டக்காரர்கள் வேறு வேலை பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். இவர் ஹோம் யுனைட்டெட், கேலாங், ஆயுதப் படை, தெம்பனிஸ் என்று ஐந்து குழுக்களில் 2014 வரை ஆடினார். 2007இல் குடியுரிமை கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில், 37 வயதில், நம் நாட்டுக்காக முதன்முறை இறங்கி, தஜிகிஸ்தானுக்கு எதிரான உலகக் கிண்ணத் தகுதிச் சுற்று ஆட்டத்தில் இரண்டு கோல்களையும் அவரே போட்டார். ஓய்வு பெற்றபோது வயது 44. அவரைக் கொண்டாடும்போது எல்லாரும் உடற்கட்டைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கு வியப்பு வேறு: ஒவ்வொரு வருடக் கடைசியிலும் ‘அடுத்த வருடம் வைத்துக்கொள்வார்களா’ என்ற கேள்வியோடு தூங்கப்போய், மறுநாள் காலை பயிற்சிக்கு எழுந்து வருவது. அதற்குத் தனித் திராணி வேண்டும்.

உங்கள் பையன் தற்காப்பு ஆட்டக்காரன் என்பதால் ஆர். சசிகுமாரையும் சொல்லிவிடுகிறேன். 1998இல் ஹனோயில், தென்கிழக்காசிய நாடுகளுக்கான டைகர் கிண்ண இறுதியாட்டம். எதிரே வியட்னாம், அரங்கம் முழுக்க அவர்கள் ரசிகர்கள். 70ஆவது நிமிடத்தில் பந்து சசிகுமாரின் தோளில் பட்டு உள்ளே போனது. அந்த ஒரே கோலில் சிங்கப்பூர் முதல்முறையாக அந்தக் கிண்ணத்தை வென்றது. தற்காப்பில் நின்று ஆண்டுக்கணக்கில் அவர் தடுத்த பந்துகளை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? தோள் மட்டும் வரலாற்றில் நின்றது. அவர் பின்னர் விளையாட்டுச் சந்தைப்படுத்தல் தொழிலுக்குப் போய்விட்டார். ஆட்டத்துக்குப் பிறகும் நாற்பது ஐம்பது வருடம் வாழ வேண்டியிருக்கிறது என்பதை ஆடும்போதே யோசித்தவர்கள் குறைவு.

இங்கே ஒப்பந்தம் பெரும்பாலும் ஓராண்டுதான். முழங்கால் மூட்டில் ஓர் இணைப்பு நார் அறுந்தால் அந்த ஓராண்டும் படுக்கையில் போய்விடும். அதோடு நம் பையன்களுக்குத் தேசிய சேவை இரண்டு ஆண்டு. மற்ற நாட்டுப் பிள்ளைகள் தொழிலில் கால் ஊன்றும் வயது அது. 2018இல் இங்கிலாந்தின் ஃபுல்ஹாம் குழுவோடு ஒப்பந்தம் செய்த பென் டேவிஸ் சேவையைத் தள்ளிவைக்கக் கேட்டபோது தற்காப்பு அமைச்சு மறுத்தது. அதன் நியாய அநியாயத்தை இந்த ஊரே பேசித் தீர்த்துவிட்டது. நான் புதிதாகச் சேர்க்க ஒன்றுமில்லை. உங்கள் வீட்டுக் கணக்கில் அந்த இரண்டு ஆண்டையும் எழுதிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

இத்தனையும் எழுதும்போது ஞாயிற்றுக்கிழமைத் தேக்கா நினைவுக்கு வருகிறது. ரேஸ் கோர்ஸ் சாலை ஓரப் புல்வெளியில் உட்கார்ந்திருக்கும் நம் ஊழியர்களில் இருவர் பேசிக்கொள்வதைக் கேளுங்கள். ஊர், சம்பளம், அடுத்து, “அண்ணே, பெர்மிட் எப்ப முடியுது?” புதுப்பிப்பார்களா, வேறு கம்பெனிக்கு மாற விடுவார்களா, ஊருக்கு அனுப்பிவிடுவார்களா? அவர்களுக்குக் கைதட்ட அரங்கம் இல்லை. மற்றபடி, ஒப்பந்தம் முடியப்போகும் ஆட்டக்காரரின் தூக்கமும் அவர்களின் தூக்கமும் ஒன்றுதான்.

அந்தப் பக்கத்து ஃபேரர் பார்க் திடல் 1933 வரை குதிரைப் பந்தயத் திடல்.   நம் பழைய ஆட்டக்காரர்கள் பலர் புழுதி கிளப்பிய திடலும் அதுதான். அங்கே அடுக்குமாடி வீடுகள் வரப்போவதாக 2021இல் அறிவித்துவிட்டார்கள்.

ஈசூன் அம்மாவுக்கு என் பதில்: முடியும், ஆனால் அது மாதச் சம்பள வேலை என்று நினைத்து அனுப்பாதீர்கள். அப்பா கையிலிருக்கும் பாரத்தைப் பையன் நிரப்பட்டும். பந்தையும் விட வேண்டாம். ஒரு மாலை மூவருமாக ஜாலான் புசார் விளையாட்டரங்கத்துக்குப் போய்வாருங்கள். முஸ்தஃபாவிலிருந்து கிச்சனர் சாலை வழியே நடை தூரம். 1929இல் திறந்த அரங்கம், புதுப்பித்துக் கட்டியது. கோல் அடிப்பவரைப் பார்க்காமல், எண்பதாவது நிமிடத்தில் மாற்று ஆட்டக்காரராக இறங்க ஓரமாக ஓடிக்கொண்டிருப்பவரைப் பையனைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டம் முடிந்தபின் அவன் என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள்.

மற்ற வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு அலமாரியில் வூட்லண்ட்ஸ், செம்பவாங், ஜூரோங், லயன்ஸ் 12 சட்டையோ பழைய நுழைவுச்சீட்டோ இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். சட்டையை அனுப்ப வேண்டாம். இங்கே அதைத் திருப்பித் தராத ஆட்கள் இருக்கிறார்கள். அந்தக் குழுக்களில் ஆடியவர்கள் இந்தப் பக்கத்தைப் படித்தால் ஒரே ஒரு கேள்விக்கு எழுதுங்கள்: ஒப்பந்தம் முடிந்த மறுநாள் காலை என்ன செய்தீர்கள்? வரும் பதில்களை வெட்டாமல் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்