30 மில்லிமீட்டர்

பீன்யாவுக்கு மாற்றலாகி வந்து ஆறு வருஷம் ஆச்சு. சங்கரன்கோவில் பக்கத்துல இருந்து வந்த பி.காம். ஆளு நான். வங்கியில அதிகாரி. காருக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம் லோன் ஃபைல்ல கையெழுத்து போடுறதோட சரி. அப்படிப்பட்டவன் கார் ஸ்பிரிங்கைப் பத்தி ஏன் பேசணும்னு கேப்பீங்க. காரணம் இருக்கு.

எங்க அக்கா பையன் ஒயிட்ஃபீல்டுல பொட்டி தட்டுறான். போன வருஷம் மின்சாரக் கார் வாங்கினான். கடன் வேற வங்கியில. ஜாமீன் கையெழுத்து மட்டும் அடியேன். போன ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்தவன், "மாமா, உங்க ஏரியாவுல ஸ்பிரிங் பட்டறை நிறைய இருக்குமே, கை சுத்தமான ஆளா ஒருத்தரைச் சொல்லுங்க"ன்னான். எதுக்குடான்னு கேட்டா, வெளிநாட்டு ஸ்பிரிங் செட் ஒண்ணு வாங்கி மாட்டப் போறானாம். மாட்டினா கார் 30 மில்லிமீட்டர் கீழ இறங்குமாம். டயருக்கும் அதுக்கு மேல இருக்கிற தகரத்துக்கும் நடுவுல உள்ள இடைவெளி அவன் கண்ணை உறுத்துதாம்!

எங்க தாத்தா காலத்துல மாட்டு வண்டிக்கு வில்லு வைக்கிறதே பெரிய சமாச்சாரம். குலுங்காம போகணும்னு காசு செலவழிச்சு வில்வண்டி வாங்கினாங்க. பேரன், குலுங்கிட்டுப் போகக் காசு செலவழிக்கப் பார்க்கிறான்.

எங்க கிளையில கணக்கு வச்சிருக்கிற பட்டறைக்காரர் ஒருத்தர் மெஷின்களுக்கு ஸ்பிரிங் சுத்துறவர். கன்னடக்காரர். அவர்கிட்டயே கேட்டேன். "உயரம் குறைஞ்சா ஸ்பிரிங் அமுங்குறதுக்கு இடமும் குறையுது சார். அதனால இன்னும் விறைப்பாத்தான் சுத்தியாகணும். இல்லைன்னா ஒவ்வொரு பள்ளத்துலயும் போய் முட்டும். ஷாக் அப்சார்பர் பழைய ஸ்பிரிங்குக்குன்னு அமைச்சது, அதுவும் சீக்கிரம் போயிடும்"னார். கடைசியா ஒரே வார்த்தை. "பேடா சார்."

சரி, நமக்குத் தெரிஞ்ச வித்தை வரவு செலவுதானே. ஒரு தாளை எடுத்து நடுவுல கோடு போட்டேன்.

வரவுப் பக்கம் முதல்ல அழகு. இதை மறுக்கலை. தாழ்ந்து நிக்கிற கார் பார்க்க லட்சணமாத்தான் இருக்கு.

ரெண்டாவது, வளைவுல சாயாம போகும்கிறது. பெட்ரோல் காருக்கு இது நியாயமான பேச்சு. மின்சாரக் கார்ல இருக்கிறதுலயே கனமான சாமான் பேட்டரி. அது ஏற்கனவே தரைத்தகட்டுக்கு அடியில படுத்திருக்கு. எடை கீழ இருக்கிற லாபத்தை கம்பெனிக்காரனே வரவு வச்சுட்டான். அதே வரவை மறுபடியும் பெருசா எழுதினா ஆடிட்டர் விட மாட்டார்.

மூணாவது, காத்து கம்மியா தடுக்கும், ஒரு சார்ஜுக்கு கூடுதல் தூரம் ஓடும்கிறது. உண்மைதான். ஆனா காத்தோட தடை வேகத்தோட வர்க்கத்துக்கு ஏத்தபடி கூடுறது. 100 கி.மீ. வேகத்துல இருக்கிற தடையில 30 கி.மீ. வேகத்துல பதினொண்ணுல ஒரு பங்குதான் இருக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு ஜாலஹள்ளி கிராஸ்ல இருந்து கொரகுண்டேபாளையா வரைக்கும் போய்ப் பாருங்க. காத்து நம்மளைத் தடுக்கிற வேகத்துலயா போறோம்?

இப்ப செலவுப் பக்கம்.

மின்சாரக் கார்லயே விலை கூடின சாமான் பேட்டரிதான். அதுக்கும் ரோட்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியைத்தான் இவன் காசு குடுத்துக் குறைக்கப் பார்க்கிறான். 2013 அக்டோபர், நவம்பர்ல அமெரிக்காவுல ரெண்டு டெஸ்லா மாடல் எஸ் கார்கள், ரோட்டுல கிடந்த இரும்புச் சாமான் அடியில மோதி, பேட்டரி தீப்பிடிச்சு எரிஞ்சுது. நல்ல வேளையா உள்ள இருந்தவங்களுக்கு ஆபத்தில்லை. அந்தக் கார்கள்ல வேகமா போறப்ப தானா தாழ்ந்துக்கிற ஏர் சஸ்பென்ஷன் இருந்துச்சு. அதே நவம்பர்ல மென்பொருளை மாத்தி, நெடுஞ்சாலை வேகத்துல கார் கொஞ்சம் உயரமாவே போற மாதிரி செஞ்சாங்க. 2014 மார்ச்ல அடியில டைட்டானியத் தகடும் சேர்த்தாங்க. மழமழன்னு ரோடு போட்ட ஊர்லயே இப்படி.

நம்ம ஊர்ல என்ன நடந்துச்சு? எம்.ஜி. இசட்எஸ் மின்சாரக் கார் 2020 ஜனவரியில வந்தப்ப தரையில இருந்து உயரம் 161 மில்லிமீட்டர். 2021 பிப்ரவரியில வந்த அடுத்த ரகத்துல 177 ஆக்கினாங்க. கம்பெனியே 16 மில்லிமீட்டர் ஏத்தியிருக்கு. நம்ம பையன் 30 இறக்கணும்கிறான்.

அடுத்து வேகத்தடை. இந்தியச் சாலை காங்கிரஸ் 1988லயே அளவு சொல்லியிருக்கு. 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். அந்த அளவுல கட்டினா தாழ்த்தின காரும் தட்டாம போயிரும். மேடு அவ்வளவு அகலமா இருந்தா முன்சக்கரமும் பின்சக்கரமும் மேட்டு மேலயே நிக்கும், கணக்குப் போட்டுப் பார்த்தா வயித்துப் பக்கம் 5 சென்டிமீட்டர்தான் குறையுது. ஆனா நம்ம தெருவுல இருக்கிறது அதுவா? ராத்திரியோட ராத்திரியா யாரோ கொட்டி வச்ச தார்க் கரடு. பீன்யா மேம்பாலத்துல கம்பிகள் பழுதுன்னு 2021 டிசம்பர்ல மூடினாங்க. கனரக வண்டிகளை மறுபடியும் மேல விட்டது 2024 நடுவுலதான். ரெண்டரை வருஷம் அத்தனை லாரியும் கீழ போன ரோடு எந்த லட்சணத்துல இருந்திருக்கும்னு நான் சொல்லணுமா?

கடைசியா என் தொழில் சம்பந்தப்பட்டது. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவை வச்சு, கம்பெனி கொடுத்த அளவுகளுக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில சொல்லிருச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொண்ணுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாசம் வரை சிறை, அல்லது ரெண்டும். ஆர்.சி.யில ஸ்பிரிங் உயரம் எங்க எழுதியிருக்குன்னு பையன் வாதாடுறான். வாதாடலாம். ஆனா இன்சூரன்ஸ்காரர் முன்னாடி போய் வாதாடுற நிலைமை வரக்கூடாது. மாற்றத்தைச் சொல்லாம விட்டா, கிளெய்ம் நேரத்துல கையை விரிக்க அவங்களுக்கு நாமளே காரணம் எடுத்துக் குடுத்த மாதிரி. பேட்டரிக்கு எட்டு வருஷ வாரண்டின்னு சந்தோஷப்படுறோம். அடியில அடிபட்ட பேட்டரியைத் தூக்கிட்டுப் போனா, முதல்ல ஸ்பிரிங்கைத்தான் பார்ப்பாங்க. கார் போயிரும், தவணை போகாது. அவன் கட்டலைன்னா போன் எனக்குத்தான் வரும்.

இதையெல்லாம் கேட்டுட்டு, "ஜெர்மனியில எல்லாரும் மாட்டுறாங்களே மாமா"ன்னான். அவன் கேட்டதுல நியாயம் இருக்கு. அங்க ஸ்பிரிங்கோட சோதனைச் சான்றிதழும் வருது. மாட்டினதும் வண்டியைக் காட்டி, ஆவணத்துல பதிஞ்சுக்கிறாங்க. இங்கயும் சி.என்.ஜி. கிட்டுக்கு அங்கீகாரம் குடுத்து ஆர்.சி.யில ஏத்துறாங்களே, ஸ்பிரிங்குக்கும் அப்படி ஒரு வழி வச்சா என்ன? ஆசைப்படுற பசங்களை மொத்தமா குற்றவாளி ஆக்குறதை விட, பரிசோதிச்சுப் பதிஞ்சுக்கோன்னு சொல்றது நல்லதுதான். அந்த வழி வந்தா எழுதிக் கேக்குற முதல் ஆள் நான். ஆனா அது வந்தாலும் ரோடு இதே ரோடுதான்.

பேசிப் பிரயோஜனம் இல்லைன்னு பொண்ணோட ஸ்கூல் ஸ்கேலை எடுத்துக்கிட்டு கீழ போனோம். காலி காருக்கு அடியில அளந்தான். அப்புறம் அக்கா, அத்தான், நான், என் வீட்டுக்காரி நாலு பேரும் ஏறினோம். டிக்கியில ஊர்ல இருந்து வந்த அரிசி மூட்டை வேற. மறுபடியும் அளந்தான். ரெண்டு விரக்கடை இறங்கியிருந்துச்சு.

"மாப்ள, நீ காசு குடுத்து இறக்கப் போறதை உங்கம்மா ஓசியிலயே இறக்கிட்டா பாரு"ன்னேன். அக்கா முறைச்சா. அவன் சிரிக்கலை. குத்த வச்சபடியே ஸ்கேலையும் காருக்கு அடியில இருக்கிற இடத்தையும் ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டு இருந்தான்.

ஆர்டரை இன்னும் ரத்து பண்ணலை. பணமும் இன்னும் கட்டலை. பொங்கலுக்கு இதே கார்ல, இதே ஆளுங்களோட ஊருக்குப் போறோம். போய்ட்டு வந்து முடிவு பண்ணுன்னு சொல்லியிருக்கேன்.