ஒரு காது மட்டும் மந்தமானால்

பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் பிரஸ் ஷாப் வேலை பார்ப்பவருக்குக் காது மந்தமானால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. 'மெஷின் சத்தம்' என்று முடித்துவிடுவார்கள். ஆனால் இரைச்சல் பெரும்பாலும் இரண்டு காதையும் சேர்த்துத்தான் கெடுக்கும். கேட்கும் திறனைக் காட்டும் ஆடியோகிராமில் ஒரு காதின் கோடு மட்டும் இறங்கியிருந்து, அந்தக் காதிலேயே ரீங்காரம், நடையில் லேசான தள்ளாட்டம் என்றால் தாளை ஃபைலில் செருகாமல் எம்.ஆர்.ஐ.க்கு அனுப்ப வேண்டும். செவி நரம்பில், மண்டையோட்டின் அடித்தளத்தில், வெஸ்டிபுலர் ஷ்வான்னோமா என்ற கட்டி இருக்கலாம். அபூர்வம்தான், புற்றுநோயும் அல்ல. பல கட்டிகள் ஆண்டுக்கு ஓரிரு மில்லிமீட்டர் வளரும், சில வளர்வதே இல்லை. முகத்தசையை இயக்கும் நரம்பு ஒட்டியே ஓடுவதால், அறுத்தால் வாய் கோணும் அபாயம் உண்டு. எனவே சிறிய கட்டியை ஆறு மாதம், ஒரு வருடம் என்று ஸ்கேன் எடுத்துக் கவனிப்பார்கள். வளர்ந்தால் கதிர்வீச்சு, பெரிதாகி மூளைத்தண்டை அழுத்தினால் அறுவை.

இந்த அறுவையைச் செய்யும் திறமைக்குப் பஞ்சமில்லை, 1949-இலேயே வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டி நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கிவிட்டார். பஞ்சம் ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய ஸ்கேன் படத்துக்குத்தான். ஒப்பந்தத் தொழிலாளி இன்று இங்கே, அடுத்த வருடம் ஒரகடத்தில். இடையில் சம்பளம் வரம்பைத் தாண்டினால் இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீடும் போய்விடும். முதல் ஸ்கேன் இல்லாமல் வளர்ச்சியை எதை வைத்து அளப்பது? ஆடியோகிராம் நகலையும் ஸ்கேன் சிடியையும் தொழிலாளி கையிலேயே கொடுத்தனுப்புவதைக் கம்பெனிகளுக்குக் கட்டாயமாக்க வேண்டும். பெரிய செலவொன்றும் இல்லை.