'இன்'னா, 'ஆன்'னா? தமிழைக் கேளுங்கள்!

காவிரிக் கரையில் இருக்கிறது கும்பகோணம் அரசினர் கல்லூரி. அங்கே படித்த இருவரை உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஒருவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார். 1869-ல் பிறந்தவர். ஏழைப் புரோகிதர் வீட்டுப் பிள்ளை. அவருடைய ஆங்கிலத்தைக் கேட்டு வெள்ளைக்காரர்களே அசந்து போனார்கள். "வெள்ளி நாக்குப் பேச்சாளர்" என்று பெயர் பெற்றார். காந்தியடிகளின் "சத்திய சோதனை"யை மகாதேவ தேசாய் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அதைத் திருத்திக் கொடுத்தவர் சாஸ்திரியார்தான். தம் பெயரை வெளியிடக் கூடாது என்று நிபந்தனையும் போட்டார்!

மற்றவர் கணித மேதை ராமானுஜன். 1904-ல் உதவித்தொகையோடு கல்லூரியில் சேர்ந்தார். கணக்கிலேயே மூழ்கிக் கிடந்தார். ஆங்கிலக் கட்டுரைப் பாடத்தில் தோற்றார். உதவித்தொகை போயிற்று. அதே ராமானுஜனை 1918-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினராக்கிக் கொண்டது!

ஆங்கிலத்தால் உயர்ந்தவரும் இந்த மண்ணின் பிள்ளை. ஆங்கிலத்தால் அடிபட்டவரும் இந்த மண்ணின் பிள்ளை. இன்றும் நம் வீட்டுப் பையன் நேர்முகத் தேர்வுக்குப் போகிறான். "டிஸ்கஸ் அபவுட்" என்கிறான். எதிரே இருப்பவர் உதட்டைச் சுழிக்கிறார்.

பையன் முட்டாள் அல்ல. "அதைப் பற்றிப் பேசினோம்" என்பது தமிழ். அந்தப் 'பற்றி'யை 'அபவுட்' ஆக்கிவிட்டான். 'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்குள்ளேயே 'பற்றி' அடங்கியிருக்கிறது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

'இன்', 'ஆன்', 'அட்' குழப்பமும் இப்படித்தான். நெல் குதிரில் இருக்கிறது. பூனை திண்ணையில் இருக்கிறது. அப்பா பஸ் நிறுத்தத்தில் இருக்கிறார். மூன்றுக்கும் நமக்கு ஒரே 'இல்'. ஆங்கிலேயன் அதை மூன்றாகப் பிரிக்கிறான். நெல் குதிருக்கு உள்ளே இருக்கிறது, அதற்கு 'இன்'. பூனை திண்ணைமேல் படுத்திருக்கிறது, அதற்கு 'ஆன்'. அப்பா நிற்பது உள்ளேயும் அல்ல, மேலேயும் அல்ல, அந்த இடத்தில், அவருக்கு 'அட்'.

ஆகவே 'இல்' வந்தால், "உள்ளேயா, மேலேயா, அந்த இடத்திலா?" என்று தமிழிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் சரியாக வந்துவிடும். மீதியை மனப்பாடம் செய்ய வேண்டியதுதான். காரில் போனால் 'இன்'. பஸ்ஸில் போனால் 'ஆன்'. அதற்காகப் பஸ் கூரைமேல் உட்கார்ந்து போகிறான் என்று அர்த்தமில்லை! ஆறு மணிக்கு 'அட்', வெள்ளிக்கிழமைக்கு 'ஆன்', தை மாதத்துக்கு 'இன்'.

இங்கிலாந்தில் பிறந்தவர்களே தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. "உனக்கும் எனக்கும் நடுவே" என்பதை "பிட்வீன் யூ அண்ட் ஐ" என்று சொல்லிவிடுகிறார்கள். "பிட்வீன் யூ அண்ட் மீ" என்பதே சரி. தமிழை நினைத்தால் நம் பிள்ளை இங்கே தவறவே மாட்டான். "உனக்கும் நானும் நடுவே" என்று எந்தத் தமிழனாவது சொல்வானா? 'நான்' வந்தால் 'ஐ'. 'என்னை', 'எனக்கு' வந்தால் 'மீ'. ஆனால் பசி வந்தால் ஜாக்கிரதை! "எனக்குப் பசிக்கிறது" என்பதற்கு "ஐ ஆம் ஹங்ரி"தான்.

"அப்பா வந்தாங்க" என்று வீட்டில் பேசும் குழந்தை, ஆங்கிலத்திலும் அப்பாவை 'தே' என்கிறது. மரியாதை தெரிந்த பிள்ளை செய்யும் பிழை இது. ஆங்கிலத்தில் ஓர் அப்பாவுக்கு 'ஹீ'தான், அதில் அவமரியாதை இல்லை என்று சொன்னால் புரிந்துகொள்ளும். அதட்டினால் வாயைத் திறக்காது.

ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம் போடும் பள்ளிக்கூடங்கள் உண்டு. அது தவறு என்பேன். பிழை எங்கிருந்து வருகிறதோ, அங்கேதான் அதைத் திருத்த முடியும். ஆங்கிலம் ஓர் எழுத்துத் தெரியாத தாய்கூடத் தன் பிள்ளைக்கு உதவலாம். "நெல்லு உள்ளே இருக்கா, மேலே இருக்கா?" என்று கேட்க அவளுக்கு ஆங்கிலம் எதற்கு?