சந்தாவை எளிதில் நிறுத்த முடிவதும் மோசடித் தடுப்பே: எங்கள் நிலைப்பாடு

மாதந்தோறும் தானாகப் பணம் பிடிக்கும் சந்தா வணிகத்தில், மோசடிக் கண்காணிப்பு என்பது நிறுவனத்துக்கு நேரும் நட்டத்தைக் கண்காணிப்பதாகவே சுருங்கியிருக்கிறது. நுகர்வோர் அமைப்பாகிய நாங்கள் இதை ஏற்கவில்லை. வாடிக்கையாளர் அறிந்து சம்மதிக்காத ஒவ்வொரு பிடித்தமும் அதே கண்காணிப்புக்குள் வர வேண்டும். சந்தாவை எளிதில் நிறுத்தும் வசதியையும் அதன் அங்கமாகவே கருத வேண்டும்.

இந்த வணிகம் நடக்கும் முறையே இதற்குக் காரணம். பதிவு செய்யும்போது ஒருமுறை தரும் ஒப்புதலை வைத்தே அடுத்தடுத்த தவணைகள் பிடிக்கப்படுகின்றன. ரிசர்வ் வங்கியின் 2019 சுற்றறிக்கைப்படி, கார்டிலிருந்து ஓடிபி இல்லாமல் பிடிக்கக்கூடிய தவணைத் தொகை 2,000 ரூபாய்வரை மட்டுமே. அது 5,000 ஆகி, 2022 ஜூனில் 15,000 ஆனது. காப்பீட்டு பிரீமியம், மியூச்சுவல் ஃபண்டு, கிரெடிட் கார்டு பில் ஆகிய மூன்றுக்கும் 2023 டிசம்பரில் ஒரு லட்சமாக உயர்ந்தது. வரம்பு உயர்ந்த அளவுக்கு, பணம் பிடிப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு வங்கி அனுப்பும் அறிவிப்பையும், அதைப் பார்த்து விலகிக்கொள்ளும் உரிமையையுமே வாடிக்கையாளர் நம்பியிருக்க வேண்டியிருக்கிறது. திருடப்பட்ட கார்டுகளைச் சிறு தொகையில் சோதித்துப் பார்ப்பவர்களையும், ஒரே கருவியிலிருந்து பல கார்டுகளைப் பதிவு செய்பவர்களையும் நிறுவனங்களின் மென்பொருள் அடையாளம் காண முயல்கிறது. பல மாதங்களாகச் சேவையைத் தொடாமலே பணம் கட்டுபவர் யார், ரத்து செய்யும் பக்கம்வரை வந்து முடியாமல் திரும்பியவர் யார் என்பதும் அந்த நிறுவனங்களின் பதிவேடுகளிலேயே இருக்கிறது. முதல் வகைத் தகவலைத் தேடிப் படிப்பவர்கள் இரண்டாம் வகையைக் கண்டுகொள்ளாமல் விடுவதற்கு நியாயமில்லை.

சேவையை முழுதும் அனுபவித்துவிட்டு, தான் வாங்கவே இல்லை என்று வங்கியில் முறையிடும் வாடிக்கையாளர்களும் உண்டு என்று நிறுவனங்கள் சொல்வது உண்மை. ஆனால் தெளிவான ஒப்புதல், முன்னறிவிப்பு, பயன்பாட்டுப் பதிவு ஆகிய மூன்றும் இருந்தால் பொய்ப் புகாரை எதிர்கொள்ள அவையே வலுவான சான்று. நிறுத்த வழி தெரியாமல் வங்கிக்குப் போகிறவர்களின் முறையீடுகளும் குறையும். 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் இந்தப் புதிய விதி நடைமுறைக்கு வந்தபோது ஏராளமான தானியங்கிப் பிடித்தங்கள் தடைபட்டதைச் சிலர் நினைவூட்டுவார்கள். வங்கிகளும் வணிகர்களும் உரிய நேரத்தில் ஆயத்தமாகாததால் வந்த இடையூறு அது. அதற்காக வாடிக்கையாளரின் பாதுகாப்பைத் தளர்த்துவது தீர்வாகாது.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், தடைசெய்யப்பட்ட 13 ஏமாற்று வடிவமைப்புகளில் ஒன்றாகச் சந்தாப் பொறியையும் சேர்த்துள்ளன. இதை நடைமுறையில் நிலைநாட்ட மூன்று கோரிக்கைகளை வைக்கிறோம். பதிவு செய்ய எத்தனை படிகளோ, நிறுத்தவும் அதற்கு மேல் இருக்கக் கூடாது. பயன்படுத்தப்படாத சந்தாவைப் புதுப்பிக்கும் முன் வாடிக்கையாளரின் சம்மதத்தை மீண்டும் கேட்க வேண்டும். ரத்து தொடர்பான புகார்களின் எண்ணிக்கையை மோசடி எண்ணிக்கையோடு சேர்த்து ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.